டில்லனுக்காகப் பேசிய அந்த ஒருவர்

லவோன் டெஸ்மருக்குச் சட்டென்று எழுந்து போகத் தெரியாது. இதை அவளுடைய தனிக்குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஆல்டர் கவுண்டியில் யாருக்குமே தெரியாது. விருந்துக்குப் போனால், தொடையில் தட்டி, "சரி, அப்ப கிளம்பறோம்" என்று சொன்ன பிறகுதான் பாதிப் பேச்சே ஆரம்பமாகும். வாசலில் ஒரு பேச்சு, காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு இன்னொரு பேச்சு. சொன்ன உடனே கிளம்பிவிடுகிறவனை மரியாதை தெரியாதவன் என்போம், அதுவும் அவன் கார் தெருமுனை திரும்புவதற்குள். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் குளிர் அதிகம், ஆட்கள் குறைவு, வந்தவர்களை விட மனசு வராது என்று நல்லபடியாகவும் சொல்லிக்கொள்ளலாம். எப்படிச் சொன்னாலும் லவோனைக் கவிழ்த்தது இந்த நல்ல பழக்கம்தான்.

அவள் பால்பண்ணையில் பிறந்தவள். பால் வண்டி ஓட்டிய ஜீன் டெஸ்மரைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தாள். ஜீன் ஒரு நாள் காலை வண்டியை ஓரங்கட்டி, பிரேக்கைப் போட்டு, எஞ்சினையும் அணைத்துவிட்டு, அதற்குப் பிறகு மாரடைப்பில் செத்துப்போனார். "மனுஷன் எதையும் பாதியில விட்டதில்ல" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் மூக்கைச் சிந்துவாள். ஒரே மகன் அரிசோனாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து அங்கே எவ்வளவு வெயில் என்று சொல்வான், இவள் இங்கே எவ்வளவு பனி என்று சொல்வாள்.

மகன் போன பிறகும் அவள் தனியாக இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் மஞ்சள் பஸ்ஸை ஓட்டினாள். பின்சீட்டில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பது கண்ணாடியைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை தோறும், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆட்டம். அதில் அவளுக்கு ஜோடி கொரின் ஹாபெக், மரம் அறுக்கும் ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், வாயாடி, தங்கமான மனுஷி. வெள்ளிக்கிழமை தோறும் கொரினோடு மதுக்கடையில் வறுத்த மீன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், அதன் கீழ்த்தளத்தில் காப்பி. ஒருத்திக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? லவோனுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான், ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக, அவளை ஜூரிக்குக் கூப்பிட்டார்கள்.

வழக்கு இதுதான். கவுண்டியின் வடகோடியில் வேட் கெட்னர் என்று ஒருவன், ஐம்பதைத் தாண்டியவன், தனி ஆள். அவன் கோழிகளைப் பக்கத்து நாய் ஒன்று கடித்தது. நாயைப் பிடித்துக் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டான். நாய்க்குச் சொந்தக்காரன் டில்லன் ப்ருஸ்கோ, இளவட்டம், கொரின் வேலை பார்க்கும் அதே ஆலையில் தொழிலாளி. அவன் பூட்டை உடைக்க ஒரு கடப்பாரைத் துண்டோடு வந்தான். சாயங்காலம், அரை வெளிச்சம். வேட் துப்பாக்கியோடு வெளியே வந்தான். பேச்சு முற்றியது. கம்பியை ஓங்கிக்கொண்டு என் மேல் வந்தான், சுட்டேன், இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன் என்றான் வேட். நான்கடி தள்ளி விழுந்து கிடந்தான் டில்லன். பார்த்த ஆள் யாரும் கிடையாது. நாய் மட்டும்தான்.

கவுண்டி இரண்டாகப் பிளந்தது. வீட்டு முற்றங்களில் பலகைகள் முளைத்தன. 'தற்காப்பு குற்றமல்ல' என்று ஒன்று. 'ஒரு நாயைத் தேடி வந்தவனுக்குச் சாவா?' என்று இன்னொன்று. முன்பு எந்த மதுக்கடையில் மீன் நன்றாக இருக்கும் என்று பார்த்துப் போவோம். இப்போது எந்தக் கடையில் எந்தக் கட்சி என்று பார்த்துப் போக வேண்டியதாயிற்று. அடுத்த மாநிலத்திலிருந்து கூட்டங்கள் வந்து நீதிமன்ற வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக் கத்தின. டில்லனையும் தெரியாது வேட்டையும் தெரியாது அவர்களுக்கு. ஆனால் கத்துவதற்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

நவம்பரில், மான் வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் சாட்சிகள் முடிந்து, பன்னிரண்டு பேரும் உள் அறைக்குப் போனார்கள். நீதிபதி தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தற்காப்புக்காகச் சுடவில்லை என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். நியாயமான சந்தேகம் இருந்தால் விட்டுவிட வேண்டும். கோபத்துக்கும் இரக்கத்துக்கும் அங்கே இடமில்லை. தீவன ஆலையை நடத்தி ஓய்வு பெற்ற ஓர்வில் லுண்ட் தலைவராக உட்கார்ந்து, மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். லவோனும் சொன்னாள். நிரூபிக்கவில்லை, விட வேண்டியதுதான். ஊற்றிய காப்பி ஆறுவதற்குள் பன்னிரண்டும் ஒரே பக்கம் விழுந்துவிட்டது.

தீர்ப்பு தயார் என்று சொல்ல ஓர்வில் கதவைத் தட்ட எழுந்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் லவோன். "இவ்வளவு சீக்கிரம் போனா நல்லாருக்காது. டில்லனோட அம்மா வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க. அவங்க புள்ளையப் பத்தி நாம காப்பி குடிக்கிற நேரம்கூட யோசிக்கலைன்னு ஆயிடும்."

யாருக்கும் அதில் மறுபேச்சு இல்லை. பாருங்கள், வேறு எந்த ஊரிலாவது யாராவது ஒருவர், 'அட, முடிந்தது முடிந்துபோச்சு, கதவைத் தட்டுங்கள்' என்று சொல்லியிருப்பார். எங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். மரியாதைக்காக உட்கார்ந்தார்கள். சாயங்காலம் வரை உட்கார்ந்து, வீட்டுக்குப் போய், மறுநாள் திரும்பி வந்தும் உட்கார்ந்தார்கள். எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது? ஓர்வில் சட்டைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார். சாண்ட்விச் வந்தது, சாப்பிட்டார்கள். இனி போகலாம், இப்போது பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும் என்று தோன்றியபோது கதவைத் தட்டினார்கள்.

வெளியே நடந்தது அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு மணி நேரமும் தொலைக்காட்சிக்காரர்கள், ஜூரி பிளவுபட்டிருக்கிறது, உள்ளே கடும் வாக்குவாதம் நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜோலீன் ப்ருஸ்கோ, டில்லனின் தாய், ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கையை வளர்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்த அவள் முகத்தை லவோன் பார்த்தாள். அதில் எதிர்பார்ப்பு இருந்தது. தாங்கள் உட்கார்ந்திருந்தது அவளுக்கு என்ன செய்திருக்கிறது என்று அப்போதுதான் லவோனுக்குப் புரிந்தது. 'குற்றவாளி இல்லை' என்று ஓர்வில் படித்ததும் ஜோலீன் சத்தமே போடவில்லை. அழுதது லவோன்தான். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

உள்ளே நடந்ததை வெளியே பேசுவதில்லை என்று பன்னிரண்டு பேரும் முடிவு செய்துகொண்டார்கள். சட்டம் தடுக்கவில்லை, வெட்கம்தான் தடுத்தது.

அதற்குப் பிறகு அவளுடைய பஸ்ஸில் இடம் காலியாகத் தொடங்கியது. சில வீடுகளில் தாங்களே பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். வாசலில் நின்று ஹாரன் அடித்தால் சன்னல் திரை அசையும், கதவு திறக்காது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவள் காப்பிக் கோப்பையோடு போய் நின்றால் பேச்சு வானிலைக்கு மாறும். தீர்ப்பை எதிர்த்த கட்சியாவது இப்படி. ஆதரவுக் கட்சி இன்னும் மோசம். முன்பின் தெரியாத ஒருத்தன் பெட்ரோல் பங்கில் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "தைரியமான பொம்பள நீங்க" என்றான். யாரோ மான் கறித் தொத்திறைச்சியை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் அதைத் தொடவில்லை, நரிதான் தின்றது. தன்னை வெறுக்கிறவர்கள் அவளுக்கு வேண்டியவர்கள், தன்னைப் புகழ்கிறவர்களை அவளுக்குச் சகிக்கவில்லை. இப்படி ஒரு தண்டனையை எந்த நீதிபதியாலும் யோசித்து விதித்திருக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை கொரின் அவளை அழைத்துப்போக வரவில்லை. லவோனே போன் செய்தாள்.

"முழங்கால் சரியில்ல" என்றாள் கொரின்.

"சரி, அடுத்த வாரம்?"

"அடுத்த வாரமும் சரியாகாதுன்னு நினைக்கிறேன்." அத்தோடு அவள் நிறுத்தவில்லை. "லவோன், அந்த டில்லன் பையன் தினம் என் ஆபீஸ் சன்னல்கிட்ட வந்து சம்பள நாளு எப்போன்னு கேப்பான்டி. தெரிஞ்சுக்கிட்டே கேப்பான், என்னக் கிண்டல் பண்றதுக்கு. அவனச் சுட்டவன் இப்ப ஒண்ணுமே நடக்காத மாதிரி ஹாயா சூப்பர் மார்க்கெட்டுல முட்டை வாங்கறான். உன்னப் பாத்தா எனக்கு அதுதான் ஞாபகம் வருது. நான் என்ன பண்ணட்டும்?"

"அவன்கிட்டதான் கோழி இருக்கே, எதுக்கு முட்டை வாங்கறான்?" என்று பழைய வழக்கத்தில் கேட்டுவிட்டாள் லவோன். கொரின் சிரித்திருக்க வேண்டிய இடம். போனை வைத்துவிட்டாள்.

டிசம்பரில் பனி கொட்டியது. ஒரு நாள் விடியலில் பஸ்ஸுக்குக் கிளம்ப எழுந்தவள், தன் வீட்டு வண்டிப்பாதையில் பனி சுத்தமாகத் தள்ளப்பட்டிருப்பதைப் பார்த்தாள். அடுத்த முறையும் அப்படியே. எங்கள் பக்கத்தில் சொல்லாமல் வந்து பனி தள்ளிவிட்டுப் போவது பெரிய அன்பு. நன்றி சொன்னால்கூடச் சங்கடப்படுவார்கள். கொரினின் மகனாக இருக்குமோ என்று ஒரு வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம். மூன்றாவது முறை சத்தம் கேட்டுச் சன்னலுக்கு ஓடினாள். பனி தள்ளும் வண்டியில் இருந்தது வேட் கெட்னர்.

இரவு அங்கிக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"நிறுத்துங்க இத."

அவன் கண்ணாடியை இறக்கினான். "பனி இறுகிப் போயிருக்கும்மா. உங்க கார் ஏறாது."

"உங்களுக்காக நான் எதுவும் செய்யல, வேட். தெரியுதா? சட்டம் அப்படி இருந்துச்சு. உங்களப் புடிச்சதால இல்ல."

"தெரியும்."

"அப்புறம் என்ன எழவுக்கு வந்து வந்து தள்ளுறீங்க? தெருவே பாக்குது."

வேட் எஞ்சினை அணைத்தான். அவன் முகம் சவரம் செய்யாமல் ஊதியிருந்தது. "முன்ன பதினைஞ்சு, இருபது வீட்டுக்குத் தள்ளிக்கிட்டிருந்தேன். பாதிப் பேரு வராதேன்னுட்டாங்க. மீதிப் பேரு பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. ஏதோ நான் பெரிய கொம்பு மான அடிச்சவன் மாதிரி. நீங்க ஒருத்தர்தான் அழுதீங்க." ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சரியாத்தான் அழுதீங்க."

அவன் மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. "இனிமே வராதீங்க" என்றாள். அவன் வரவில்லை. ஆனால் எதிர்வீட்டுத் திரை ஆடியதை அவள் பார்த்திருந்தாள். மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, வேட் கெட்னர் லவோன் டெஸ்மருக்குப் பனி தள்ளுகிறான் என்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அந்தக் குளிர்காலம் நீளமாக இருந்தது. அவள் இருவருக்குச் சமைத்து ஒருத்தியாகச் சாப்பிட்டாள். தொலைக்காட்சியோடு பேசினாள். மகனிடம் இங்கே பனி என்றாள். கொரின் போன் செய்வாளோ என்று கைப்பேசியைக் குளியலறைக்கும் எடுத்துக்கொண்டு போனாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், இறந்துபோன கணவனைக்கூட அவள் இப்படி ஏங்கித் தேடியதில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசல் மணி அடித்தது. கொரின் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், ஆண்பிள்ளைகள் போடும் பெரிய வேட்டைக் கோட்டில், ஜோலீன் ப்ருஸ்கோ. கோட்டின் கைகள் அவள் விரல்களையும் மூடித் தொங்கின. யாருடைய கோட்டு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

லவோன் காப்பி போட்டாள். இருந்த பேரீச்சம்பழக் கேக்கை வெட்டித் தட்டில் வைத்தாள். துண்டுகள் கோணலாக விழுந்தன.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள் ஜோலீன். "கேட்டுட்டுப் போயிடுவேன். உங்களத் திட்ட வரல."

"கேளுங்க."

"உள்ள அவ்வளவு நேரம் இருந்தீங்க. ரெண்டு நாளு. அப்படின்னா யாரோ ஒருத்தர் ஒத்துக்கல. யாரோ ஒருத்தர் என் புள்ளைக்காகப் பேசிக்கிட்டே இருந்திருக்காங்க. கடைசியில தோத்துட்டாங்க, அது பரவால்ல. தோத்ததப் பத்தி நான் கேக்கல. ஆனா பேசினாங்க இல்ல? ராத்திரி படுத்தா நான் அதத்தான் நினைச்சுக்கறேன். அது ஒண்ணு இருக்கறதாலதான் காலையில எந்திரிக்கிறேன். அது நீங்கதானா?"

கொரின் பொறுக்கமாட்டாமல் முன்னால் சாய்ந்தாள். "நீ அழுததப் பாத்திருக்காங்க, லவோன். நான்தான் சொன்னேன், யாராவது இருந்திருந்தா அது இவளாத்தான் இருக்கும், இவ பிடிவாதம் எனக்குத் தெரியும்னு. எனக்கு முன்னாடியே தோணாம போச்சு, கோவத்துல. நீதான? சொல்லுடி. ஆமான்னு சொன்னா போதும், செவ்வாக்கிழமை வந்து உன்ன அள்ளிக்கிட்டுப் போயிடறேன். நீ இல்லாம பௌலிங்ல நாங்க கடைசியில நிக்கிறோம், தெரியுமா? உன் இடத்துல வந்திருக்கிற அந்த ஷெரில், பந்த உருட்டச் சொன்னா பாத்திரம் விழற மாதிரிப் போடறா."

கொரின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளும் இந்தக் குளிர்காலத்தில் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். லவோனுக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

ஆமாம் என்ற சொல் நாக்கின் நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் செவ்வாயும் வெள்ளியும் திரும்பி வரும், பஸ்ஸில் பிள்ளைகள் வருவார்கள், கொரின் வருவாள். பொய் என்று சொல்ல யாருமில்லை. மற்ற பதினொரு பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள், திறந்தால் சீட்டாடியதும் வெளியே வரும். உண்மை என்ற இன்னொன்றும் இருந்தது. யாரும் பேசவில்லை அம்மா, உங்கள் மகனுக்காக ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை, உங்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தோம், அந்த யோசனையும் என்னுடையதுதான். ஜோலீன் கோட்டுக் கைக்குள்ளிருந்து விரல்களை வெளியே எடுத்து மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள். இவளிடம் அதைச் சொல்வதா? லவோனால் முடியவில்லை.

"ஒருத்தர் இருந்தாரு" என்றாள்.

ஜோலீன் கண்ணை மூடிக்கொண்டாள். கொரின் கையை நீட்டி லவோனின் கையைப் பிடித்தாள். அந்தக் கை எவ்வளவு சூடாக இருந்தது!

"நான் இல்ல" என்றாள் லவோன்.

கொரினின் பிடி அப்படியே இருந்தது, ஆனால் அதில் உயிர் போய்விட்டது. "விளையாடாதடி."

"விளையாடல. வேற ஒருத்தரு. பேரு சொல்லக் கூடாது. சொல்றதில்லைன்னு எல்லாரும் பேசி வச்சிருக்கோம்."

"ரொம்ப நேரம் பேசினாரா?" ஜோலீன் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"ரொம்ப நேரம்."

"அப்புறம் அவர யாரு மனசு மாத்தினது?"

எல்லோரும் சேர்ந்துதான் என்று சொல்லியிருக்கலாம். சட்டம்தான் என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யும் ஆகாது. ஆனால் அந்த இரண்டு நாளுக்கு யாராவது விலை கொடுக்க வேண்டும் என்று லவோனுக்குத் தோன்றியது. அந்தக் காத்திருப்பைச் செய்தது அவள், அந்த நம்பிக்கையை வளர்த்தது அவள். ஒரு பொய்யால் தாய்க்கு ஆறுதல் கொடுத்துவிட்டு, அதே பொய்யால் தனக்கும் இடம் பிடித்துக்கொள்ள அவளுக்குக் கூசியது.

"நான்தான்" என்றாள்.

கொரின் கையை எடுத்துக்கொண்டாள்.

ஜோலீன் எழுந்தாள். தொடையைத் தட்டவில்லை, வாசலில் நிற்கவில்லை. "ஒருத்தர் இருந்தாரு. அது போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டு நேராகக் காருக்குப் போனாள். கொரின் பூட்ஸை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து லவோனைப் பார்த்தாள். முப்பது வருஷமாகப் பார்த்த முகத்தைப் புதிதாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

இரண்டு கோப்பைக் காப்பியும் ஆறிப்போயிருந்தன. லவோன் அவற்றைக் கொட்டிவிட்டுக் கழுவினாள். செய்தது சரிதான் என்று நினைத்தாள். சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தவக்காலத்தில் எங்கள் மதுக்கடைகள் வெள்ளிக்கிழமை நிரம்பி வழியும். கறி கூடாது என்பதால் ஊரே மீனுக்கு வந்துவிடும். லவோன் குளிர்காலம் முழுக்க வெளியே சாப்பிடவில்லை. அன்று வீட்டுச் சுவர்கள் கடிக்க வந்ததால் போனாள். கடை நடத்துகிறவன் கட்சி பார்க்காமல் கம்பு ரொட்டியும் முட்டைக்கோசும் வைத்துத் தட்டை அவள் முன்னால் நகர்த்தினான். பிராந்தியும் கொடுத்தான். பாரின் ஓரத்தில் அவளுக்கு இரண்டு பக்கமும் இருக்கைகள் காலியாக இருந்தன. அவளுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், ஓர்வில் லுண்ட் தனியாக உட்கார்ந்து மீனில் முள் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் மனைவியை இழந்தவர். ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். தீர்ப்புக்குப் பிறகு ஜூரிகள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

கதவு திறந்து கொரினும் ஜோலீனும் வந்தார்கள். லவோன் தட்டைப் பார்த்துக்கொண்டாள். அவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். நாற்காலி இழுபடும் சத்தம் ஓர்வில் மேசையில் கேட்டது.

"மிஸ்டர் லுண்ட்" என்றது ஜோலீனின் குரல். "நான் எல்லாரையும் நினைச்சு நினைச்சுப் பாத்தேன். நீங்கதான். நீங்க தீர்ப்பப் படிக்கும்போது பேப்பர் ஆடுச்சு. சொல்ல வேணாம், சொல்லக் கூடாதுன்னு தெரியும். நன்றி சொல்ல வந்தேன்."

பாருக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் லவோன் அவர் முகத்தைப் பார்த்தாள். முள்கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் ஜோலீனைப் பார்த்தார், கொரினைப் பார்த்தார், பிறகு கண்ணாடி வழியாக நேராக லவோனைப் பார்த்தார். அவள் தலையை மெல்ல அசைத்தாள். சரி என்றா, வேண்டாம் என்றா, அவளுக்கே தெரியவில்லை. ஓர்வில் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ன பேசினீங்க?" என்று கேட்டாள் ஜோலீன். "அவனப் பத்தி என்ன சொன்னீங்க? அத மட்டும் சொல்லுங்க."

ஓர்வில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். தட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொல்லத் தொடங்கினார்.

"நாய்க்கயிறு" என்றார். "அந்தப் போட்டோவுல, விழுந்து கிடந்த கையில, இடது கையில, நாய்க்கயிறு சுத்தியிருந்துச்சு. மணிக்கட்டுல ரெண்டு சுத்து, மீதிய உள்ளங்கையில இறுக்கிப் புடிச்சிருந்தான். நான் சொன்னேன், அடிக்க வர்றவன் எதுக்குக் கையில கயிறச் சுத்திக்கிட்டு வரணும்? ரெண்டு கையாலயும் புடிச்சாத்தானே அந்தக் கம்பிய ஓங்க முடியும்? அது கனமான கம்பி. நான் தீவன ஆலையில அந்த மாதிரி கம்பியோட இருந்திருக்கேன். ஒரு கையால தூக்கலாம். ஓங்க முடியாது." தன் இடது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். "அவன் நாயக் கட்டிக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போக வந்தான். அதத்தான் சொன்னேன்."

ஜோலீன் அழுதாள். கொரின் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ அவர்களுக்கு ஒரு சுற்று வாங்கி அனுப்பினார்கள்.

 அன்றைக்கு ஜூரி அறையில் அந்தப் போட்டோ மேசையைச் சுற்றி வந்தது, லவோன் கைக்கும் வந்தது. கயிற்றை அவள் பார்த்தாள், பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தாள். இப்போது கேட்ட இதை அன்றைக்கு அந்த அறையில் ஒருவர் சொல்லியிருந்தால்? இரண்டு நாள் இருந்ததே. இத்தனை நேரம் இருந்தும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் சீட்டைக் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தோமே. ஓர்வில் இதை இப்போதுதான் கண்டுபிடித்துச் சொன்னாரா, இல்லை அன்றே மனசில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? ஓங்க முடியுமா, முடியாதா? தீர்ப்பு சரியா, தப்பா?

உலகத்தில் இதை அவள் கேட்கக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் இப்போது அந்த மேசையில் இருந்தார், கொரின் அவருக்குத் தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.